அப்பா தூங்க வேண்டிய நாள்

செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். 'அப்பா வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் போதும், தூங்கிவிடுவார்' என்று போன வாரம் எழுதியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. அட்டவணையில் 'ஓய்வு' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால் தூக்கம் தானாக வந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை மாறினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பகலில் நான் ராசிபுரத்தில் ஜெகதீஸ்வரன் சாரின் லாரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் தொழிலாளர் சட்ட வகுப்பு. அப்பா ராசப்பன் அதே அலுவலகத்தில் மூத்த ஓட்டுநர். இங்கிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி கொண்டுபோவார், அங்கிருந்து வெங்காயம் ஏற்றி வருவார். போன மாதம் திரும்பி வரும்போது தோப்பூர் இறக்கத்தில் அவருக்கு ஒரு கணம் கண் மூடிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்ததால் பிழைத்தார். வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

லாரித் தொழிலாளர்களுக்கும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று சட்டம் இருப்பதை அந்த வாரம்தான் வகுப்பில் படித்தேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். எட்டு மணி நேரம் என்றதும் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதனால் சிறியதாக ஆரம்பித்தேன். நெடுந்தூரம் ஓட்டி வந்தவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்த லோடுக்கு ஏற வேண்டும். வண்டி கிளம்பும் முன் நான் போனில் கூப்பிட்டு, தூங்கினாரா என்று கேட்பேன். தூங்கவில்லை என்றால் மாற்று ஓட்டுநர் வண்டியை எடுப்பார்.

"ஒரு வண்டிக்குப் பண்ணிப் பாரு," என்றார் முதலாளி. "நேரத்துக்குக் கெளம்புச்சுன்னா எல்லா வண்டிக்கும் போட்டுக்கலாம். லேட்டாச்சுன்னா பழையபடிதான். அப்பறம் சட்டம் கிட்டம்னு எங்கிட்ட வரக்கூடாது."

அந்த ஒரு வண்டி அப்பாவுடையது. அந்த ஒரு நாள் இன்று.

காலையில் சேலத்தில் வெங்காயத்தை இறக்கி, வண்டியை ஜவ்வரிசி ஆலையில் லோடுக்கு விட்டுவிட்டு, அப்பா வெண்ணந்தூர் வந்து சேர்ந்தார். கண்கள் இரண்டும் செவசெவவென்று இருந்தன. தோளில் வழக்கம்போல ஒரு வெங்காய மூட்டை. தெருவில் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததிலிருந்து இரவு எட்டு மணி வரை தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா முதலில் பக்கத்து வீட்டுச் சின்னாயி அக்காவிடம் போனாள்.

"ஏஞ்சின்னாயி, இன்னைக்கு ஒருநாள் தறிய நிறுத்திக்கிறயா? மதுமதி அப்பா தூங்கோணும். அவரு தூங்கலீன்னா புள்ளையோட திட்டம் பூராம் போயிரும்."

"அதுக்கென்னுங்க்கா? அண்ணன் கொண்டாற வெங்காயத்துலதான இந்தத் தெருவே கொழம்பு வெக்குது. நிறுத்திப்போடறேன்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு தறியாக நின்றது. அம்மா அதோடு விடவில்லை. குக்கர் விசில் அடிக்கும் என்று பருப்பை வெறும் சட்டியில் வேகவைத்தாள். மிக்ஸியைத் தொடவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கி கட்டிய மொபட்டோடு தெருமுனையில் திரும்பினார். அவரை மறித்து நின்றுகொண்டாள்.

"ஒருத்தர் தூங்கறாருங்க. பாட்ட நிறுத்திப்போட்டுப் போங்க."

"பாட்டு இல்லீங்க்கா, யாவாரம்."

"யாவாரத்தைக் கையக் காட்டிப் பண்ணுங்க."

பாவம், அவர் மொபட்டைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று சைகையில் இரும்பு கேட்டுக்கொண்டு போனார். தெரு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மனம் நிறைந்து அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

மதியம் நெருங்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. குசுகுசுவென்று பேசினாள்.

"தூங்கலடி."

"இன்னுமா?"

"பொரண்டு பொரண்டு படுக்கறாரு. ரண்டு தடவ எந்திரிச்சு வெளிய வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. கரண்ட் போயிருச்சாங்கறாரு. இல்லைன்னேன். அப்பறம் வந்து, தெருவுல யாராச்சும் செத்துட்டாங்களாங்கறாரு."

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. சாப்பிட்டியா?"

"நீங்க தூங்குங்கப்பா."

"வரமாட்டேங்குதே. எங்கியோ என்னமோ நின்னுபோன மாதிரியே இருக்குது. மனசு அடிச்சுக்குது." அவர் எழுந்து உட்கார்ந்தார். "சரி உடு. சாயங்காலம் நீ போன் போட்டுக் கேளு. தூங்கீட்டேன்னு சொல்லிப்போடறேன்."

இந்த முறையில் யாராவது இப்படிச் செய்யலாம் என்பதை நான் யோசித்ததுதான். அது அப்பாவாக இருப்பார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"பொய் சொல்லுவீங்களா?"

"இதெல்லாம் ஒரு பொய்யா? இத்தன வருசமா எல்லா டிரைவரும் சொல்றதுதான."

"அப்பறம் எதுக்குப்பா நான் கேக்கோணும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். எதுக்குக் கேக்கறே?"

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்துவிட்டாள். "ஏனுங்க, தோப்பூர்ல கண்ணு சொருகுனப்பவும் இப்புடித்தான் தூங்கீட்டேன்னு சொல்லிட்டுப் போனீங்களா?"

அப்பா துண்டை எடுத்து உதறி மறுபடி அதே இடத்தில் போட்டார்.

"நீங்க தூங்கலீன்னா பூபதியத்தான் அனுப்புவேன்," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"பூபதியா!" அப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அந்தப் பய மூஞ்சில மீச மொளச்சே மூணு நாளாவுல. என்ற வண்டிய அவன் தொடுவானா? அந்த ரண்டாவது கியரு யார் சொன்னாலும் கேக்காது, நான் சொன்னாத்தான் கேக்கும். தெரியுமா உனக்கு?"

அந்த நேரம் பார்த்துச் சின்னாயி அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"அக்கா, அண்ணன் தூங்கீட்டாருங்களா? நாளைக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குச் சேல போகோணும். ஒண்ணு பாதியில நிக்குது. ஒரே ஒரு தறிய மட்டும் மெதுவா ஓட்டிக்கட்டுங்களா?"

தறியை மெதுவாக ஓட்டுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஊரார் பிழைப்பைக் கெடுத்தும் பலனில்லை என்ற வாட்டம். "ஓட்டிக்க சின்னாயி. எப்புடியும் இவரு தூங்கப் போறதில்ல."

பக்கத்து வீட்டில் தறி கிளம்பியது. தடக் தடக், தடக் தடக்.

அப்பா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "ஏறும்போது அந்தக் கியரப் போட்டு, இஞ்சின் சத்தத்தக் காதுல வாங்கி, அப்பறம் மெல்ல..."

நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. தலையணையை வைத்து மெல்லச் சாய்த்துவிட்டோம். கொஞ்ச நேரம் போயிருக்கும். சின்னாயி அக்காவுக்கு இழை அறுந்துவிட்டது போலிருக்கிறது. தறி நின்றது.

அப்பா சடாரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்தீட்டே? என்னாச்சு? டயரா?"

கண் இன்னும் திறக்கவில்லை. கை மட்டும் பக்கவாட்டில் எதையோ தேடியது. முன்பெல்லாம் புனே வண்டியில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் படுத்துக்கொள்வார். இஞ்சின் ஓடுகிற வரைக்கும்தான் தூக்கம். நின்றால் ஏதோ ஆபத்து, எழுந்துவிட வேண்டும். இப்போது ஒற்றை ஆள்தான் போகிறார், பழக்கம் மட்டும் போகவில்லை.

எனக்குப் புரிவதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அட ஆண்டவனே! சத்தம் நின்னாத்தான் இந்த மனுசன் முழிக்கிறாரு!"

வாசலுக்கு ஓடினாள். நானும் ஓடினேன். "சின்னாயி, நிறுத்தாத! ஓட்டு ஓட்டு!" அம்மா தெருவின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். "எல்லாரும் தறியப் போடுங்க! ஒண்ணு உடாமப் போடுங்க!"

நாலாவது வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க்கா, அண்ணன் எந்திரிச்சுட்டாருங்களா?"

"இல்ல, இப்பத்தான் தூங்கப் போறாரு!"

அந்தத் தெருவில் எத்தனை பேர் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்களோ தெரியாது. ஆனால் தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தரை அதிர்ந்தது. உள்ளே வந்து பார்த்தோம். அப்பா குப்புறப் படுத்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டை விடுவது முதுகு ஏறி இறங்குவதை வைத்துத்தான் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். இவரு தறிச் சத்தத்துலதான் தூங்கறாருன்னு எனக்குத் தெரியிலயேடி. நான் பாட்டுக்கு ஊரு வாயெல்லாம் அடச்சுட்டு வந்தேன்." சொல்லச் சொல்லச் சிரிப்பு அதிகமாகி, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த தேங்காய்ச் சட்னியை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக அரைத்தாள்.

நான் அலுவலகம் திரும்பினேன். ஆனால் சந்தோஷம் பஸ் இறங்குவதற்குள் பாதியாகிவிட்டது. வண்டி ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்பா தூங்க ஆரம்பித்ததோ மதியத்துக்கு மேல். ஐந்து மணிக்கு நான் போன் செய்ய வேண்டும்.

அலுவலகத்தில் பூபதி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மாற்று ஓட்டுநர் அவர். புதுச் சட்டை, படிய வாரிய தலை. தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கே நம்பிக்கை இருந்தது.

"ஏனுங்க மதுமதி, நான் ஊட்டுக்குப் போகட்டுங்களா? எப்புடியும் அண்ணன் வந்துருவாரு."

"இருங்க பூபதி."

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். முதலாளி டீ டம்ளரோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். போனை எடுத்தது அம்மா. பின்னால் தறிச் சத்தம் பொழிந்தது.

"தூங்கறாரு!" என்று கத்தினாள். அவளுக்கு வீட்டில் இனிக் குசுகுசுக்க வேண்டியதில்லை. "எழுப்பட்டுமா?"

நான் போனைப் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். முதலாளி சொன்னார்: "எழுப்பிக் கேக்கச் சொல்லும்மா. கேட்டுத்தான் அனுப்போணும்னு நீதான எழுதுன?"

"தூங்கறவர எழுப்பி, தூங்குனீங்களான்னு கேக்கறதுங்களா சார்?"

முதலாளிக்குப் புரை ஏறிவிட்டது. இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. பூபதி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அதுக்கில்லம்மா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ராசப்பன் இல்லாம அந்த வண்டி கேட்டத் தாண்டுனதே இல்ல. நாளைக்கு என்னையத் தின்னுபோடுவான்."

அதுதான் எனக்கும் பயம். எழுப்பினால் அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவார். வண்டியும் நேரத்துக்குக் கிளம்பும். எல்லோரும் பாராட்டுவார்கள். அரைத்தூக்கத்தோடு அவர் மறுபடி அத்தனை தூரம் போவார். நான் கண்டுபிடித்த முறை முதல் நாளே வெறும் போன் அழைப்பாகிவிடும். சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு பிரிவு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுப்ப வேண்டாம்மா," என்றேன் போனில். பிறகு திரும்பி, "பூபதி, வண்டிய எடுங்க."

பூபதி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "நானுங்களா?"

"நீங்கதான். நேத்து ராத்திரி தூங்குனீங்களா?"

"எட்டு மணிக்கே படுத்துட்டேனுங்க. என்ற சம்சாரம் டிவியக்கூடப் போடுல."

ஆறு மணி அடிக்கும் முன்பே, ஆலையில் ஏற்றிய ஜவ்வரிசி மூட்டைகளோடு அப்பாவின் வண்டி அலுவலக வாசலைக் கடந்து போனது. பூபதி கேபினிலிருந்து கும்பிட்டுக்கொண்டே போனார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு எனக்கும் ஒரு டீ சொன்னார். இந்த அலுவலகத்தில் அவர் எனக்கு டீ சொன்னது இதுதான் முதல்முறை. வகுப்புக்குப் போகும் மனநிலை இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தறிகளை நிறுத்துகிற நேரம். கடைசித் தறி நின்றதும் அப்பா எழுந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். செருப்பைத் தேடினார்.

"வண்டி கெளம்பிருச்சுங்கப்பா," என்றேன். கதவோரமாகத்தான் நின்றேன்.

"எந்த வண்டி?"

"உங்க வண்டி. பூபதி எடுத்துட்டுப் போயிட்டாரு. நான்தான் அனுப்புனேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் போனை எடுத்து பூபதியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

"டேய், எங்கடா இருக்கே?"

"தோப்பூர் மேடு ஏறிட்டனுங்கண்ணா. ஓரமா நிறுத்தித்தான் பேசறேன்."

"ரண்டாவது கியரு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லுலீங்களேண்ணா. வெண்ணெயாட்டம் உழுகுது."

அப்பாவின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியதைப் பார்த்தேன். வண்டி அப்படித் துரோகம் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. "சரி சரி. கண்ணு சொருகுச்சுன்னா அங்கியே ஓரங்கட்டிப் படுத்துரு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லு," என்று போனை வைத்தார்.

பிறகு நீளமாகச் சோம்பல் முறித்தார். முகம் வேறு ஆள் மாதிரி இருந்தது. கண்கள் வெள்ளையாக இருந்தன. செல்லமுத்து மாமாவுக்குத் தேங்காய்ச் சட்னி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே ஏழு தோசை சாப்பிட்டார்.

செல்லமுத்து மாமா திருச்செங்கோட்டுக்காரர், அப்பாவின் கூட்டாளி. எங்கள் அலுவலகத்தின் இன்னொரு மூத்த ஓட்டுநர். 'பொட்டப்புள்ள போன்ல கேட்டா நான் தூங்கோணுமா' என்று முதல் நாளே முறுக்கிக்கொண்டவர். மற்ற ஓட்டுநர்கள் எல்லாம் அவர் பக்கம்தான். அவர் ஒத்துக்கொண்டால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் மாமாவே போனில் கூப்பிட்டார்; அப்பா அதையும் ஒலிபெருக்கியில் போட்டார். செய்தி அதற்குள் போயிருக்கிறது.

"என்றா ராசப்பா, வண்டியப் பறிகொடுத்துப்போட்டு ஊட்ல படுத்துக் கெடக்கறியாமா?"

"ஆமாண்டா. பொறாமையா இருக்குதா?"

"மானம் போச்சேடா!"

"மானம் எங்கியும் போவுல. தூங்கி எந்திரிச்சுத் தோசை தின்னுட்டு ஒக்காந்திருக்கேன். என்ற பொண்டாட்டி இன்னைக்குத்தான் என்ற மூஞ்சிய நேராப் பாக்கறா."

அம்மா தோசைக் கரண்டியை ஓங்கினாள். அப்பா விலகிக்கொண்டார். போனில் மாமாவின் சிரிப்புக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

மிகவும் தணிந்த குரலில் மாமா கேட்டார்: "ராசப்பா... எப்புடிடா தூங்குன? ஊட்ல படுத்தா எனக்குக் கண்ண மூடவே முடியறதில்லடா. வண்டிக்குப் போனாப் போதும்னு இருக்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்ததும் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"சாமி, நாளைக்குக் காலையில நாம ரண்டு பேரும் திருச்செங்கோடு போயிட்டு வந்துரலாம். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நாளை புதன்கிழமை. செல்லமுத்து மாமாவின் தெருவில் தறி கிடையாது. அங்கே பகல் முழுவதும் விடாமல் ஓடுகிற சத்தம் வேறு என்ன இருக்கிறது என்று நேரில் கேட்டுப் பார்க்க வேண்டும்.